தண்ணீரோரக் குட்டி வீட்டில் தங்குவோர் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் நீர்நிலை ஓரத்து 'டைனி ஹவுஸ்' படத்தில் பார்ப்பது ஜன்னலையும் அதற்கு அப்பால் தண்ணீரையும். பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியதோ கீசர் எத்தனை லிட்டர் என்பதை. 15 லிட்டர் கீசரில் 60 டிகிரி வெந்நீர் இருந்தால், பச்சைத் தண்ணீர் கலந்து 35 லிட்டர் தேறும். ஷவரில் அது ஐந்து நிமிடம்தான். 2,000 வாட் கீசர் மறுபடி சூடேற 20 நிமிடமாகும். நாலு பேர் அடுத்தடுத்துக் குளிக்க நினைத்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி மூன்றும் ஒன்றாக ஓடினால் 20 ஆம்பியரைத் தாண்டிவிடும். வீட்டுக்கு மொத்தமே 16 ஆம்பியர் பிரேக்கர் என்றால் கொஞ்ச நேரம் தாங்கும், சூடேறியதும் விழும். ஏசியை நிறுத்திவிட்டுச் சமையுங்கள். 110 வோல்ட் நாட்டு ஹேர் டிரையரைச் செருகவே வேண்டாம். அடாப்டர் பின்னை மட்டுமே மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது.

போய் இறங்கியதும் படுக்கை போட்டிருக்கும் பரணில் ஏறி மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். பலகைமேல் நேராகப் போட்ட மெத்தைக்கு அடியில் காற்றே போகாது. உடம்புச் சூட்டோடு வரும் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு அங்கேயே தங்கும். கறுப்புப் புள்ளியோ பூஞ்சை வாடையோ இருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். மறுநாள் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குப் பரண் ஆகவே ஆகாது. ராத்திரி கழிப்பறைக்கு அந்த ஏணியில்தான் இறங்கவேண்டும்.

தண்ணீர் ஊற்றாமல் மலத்தை உரமாக்கும் கழிப்பறை என்றால் ஆண்களும் உட்கார்ந்துதான் போகவேண்டும். சிறுநீர் முன்பக்கக் கலத்துக்குப் போகாமல் மலத்தோடு கலந்தால்தான் நாறும். ஒவ்வொரு முறையும் ஒரு கை தென்னை நார்க்கழிவு போடுங்கள். கரண்ட் போனால் உள்ளிருக்கும் சிறு விசிறியும் நின்று வாடை வரும், மூடியைத் திறந்து வைக்காதீர்கள்.

23 கிலோ பெட்டிகளைச் சொந்தக்காரர் வீட்டிலேயே விட்டுவிட்டு, துணிப்பையோடு போங்கள். ஒரு பெட்டியை விரித்தாலே கட்டிலுக்கும் சிங்க்குக்கும் நடுவே நடக்க இடமிருக்காது.

குளியலறைக்குள் புகைபோக்கி இல்லாத கேஸ் கீசர் இருந்தால் அந்த வீடே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, அந்தச் சின்ன அறையில் சில நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.