ஒரே தெரு, பன்னிரண்டு மாதங்கள்: ஒரு மரநடை பற்றிய மதிப்பீடு

சென்னை அடையாற்றில் சிறு குழு ஒன்று ஒவ்வொரு மாதமும் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மரநடை, அதாவது தெருவோர மரங்களைப் பார்த்து அறிந்துகொண்டே நடக்கும் நடை, நடத்திவருகிறது. சென்ற ஆண்டு தை மாதத்தில் சேர்ந்து, மார்கழி வரை ஒரு சுற்று முழுவதையும் முடித்த பிறகே இதை எழுதுகிறேன். ஒரு நடைக்கு 200 ரூபாய். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 1,800 ரூபாய். ஒன்றரை மணி நேரத்தில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடக்கிறோம். வழிகாட்டுபவர் பணி ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை.

மற்ற மரநடைகள் மாதம் ஓர் இடத்துக்கு அழைத்துச் செல்லும். இந்தக் குழுவினரோ ஆண்டு முழுவதும் அதே தெருக்களில், அதே இருபது சொச்சம் மரங்களிடமே திரும்பத் திரும்பக் கூட்டிப்போகிறார்கள். இரண்டாவது மாதம் எனக்கு இது குறையாகத்தான் பட்டது. மூன்றாவது மாதத்தில், இந்த நடையின் பெருமையே அதுதான் என்பது விளங்கியது.

தை மாதத்தில் போனபோது தெருமுனையிலிருந்த பாதாம் மரத்தின் இலைகள் செக்கச்செவேலென்று சிவந்து, பாதி தரையில் கிடந்தன. மாசியில் புங்கமரங்கள் ஏறக்குறைய மொட்டையாக நின்றன. கோயில் அரசமரத்தில் காய்ந்த இலைகள் மட்டும் சலசலத்துக்கொண்டிருந்தன. இரண்டு மாதமாக மழையில்லை, வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, இனி பச்சையைப் பார்க்க ஆடி ஆவணி ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். பங்குனியில் அதே இடத்துக்கு வந்தபோது அந்தப் புங்கமரங்கள் தளதளவென்று தளிர்த்திருந்தன. ஆசிரியை ஒரு கொத்தை வளைத்துப் பிடித்து எங்கள் கையில் ஓர் உருப்பெருக்கியையும் கொடுத்தார். நுனித் தளிர் செம்பு நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. அதற்கு அடுத்த இலை வெளிர்பச்சை. அதற்கும் கீழே இருந்தது முதிர்ந்த பச்சை. சென்ற ஆண்டு இலை ஒன்று மட்டும் உதிராமல் கொப்புளம் கொப்புளமாகத் தொங்கியது. நுண்ணிய சிலந்திப்பேன்கள் உண்டாக்கும் முடிச்சுகள் அவை என்றும், மரத்துக்குப் பெரிய கேடில்லை என்றும் சொன்னார்.

உடன் வந்த ஒரு பையன் அப்போது, “டீச்சர், மழையே பெய்யலையே, இந்த இலைக்கெல்லாம் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு அவர் கொடுத்த விளக்கத்துக்காகவே ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம். குளிர்நாட்டு மரம் குளிருக்கு அஞ்சி இலையைக் கழிக்கிறது; நம் ஊர் மரம் கழிப்பது நீர்ச் செலவைக் குறைப்பதற்காக. இலை உதிர்ந்ததும் மரத்திலிருந்து நீர் ஆவியாவது வெகுவாகக் குறைந்துபோகிறது. ஆழத்தில் இருக்கும் வேர் இழுக்கும் நீர் அடிமரத்தில் சேர்கிறது. பகல் நீளும் பருவத்தில், மழைக்குக் காத்திராமலே மொட்டுகள் விரிகின்றன. மழை வந்து பூச்சிகள் பெருகும் வேளையில் இலை முற்றித் தடித்துவிடுவதால் சேதம் குறைகிறது. தளிரின் செந்நிறம் வெயிலிலிருந்து அதைக் காக்கவும் உதவுகிறது. இவ்வளவையும் மரத்தடியில் நின்றபடி, கையில் தளிரை வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, பள்ளிப் பாடநூலில் படித்த நான்கு பருவங்களின் படம் என் மனத்திலிருந்து கழன்று விழுந்தது. நம் முன்னோர் பிரித்து வைத்த இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்ற ஆறும் இந்தத் தெருவுக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதையும் அன்றுதான் உணர்ந்தேன்.

சித்திரையில் புங்கம்பூ பொரி இறைத்தாற்போல் நடைபாதையெங்கும் கொட்டிக்கிடந்தது. சரக்கொன்றை தொங்கத் தொடங்கியிருந்தது. மாவிலிங்க மரம் ஒன்று வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்து, ஊதா நிறக் கேசரங்களை நீட்டிக்கொண்டு நின்றது. அந்த வழியில் பல ஆண்டுகள் போய்வந்தும் அதை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. அடுத்த மாதம் மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகர் தீப்பிடித்ததுபோல் சிவந்தது. ஆனியில் வேப்பம்பழம் காலில் மிதிபட, மைனாக்கள் கூச்சலிட்டன.

இரண்டு ஆலமரங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கோயில் வாசலில் ஒன்றும் அடுத்த தெருவில் ஒன்றுமாக இருக்கும் இவற்றில், ஒன்று சிவந்த பழங்களோடு நிற்கும்போது மற்றொன்றில் ஒரு காய்கூட இருக்காது. ஒரே மண், ஒரே மழை, ஆனாலும் இந்த வேறுபாடு. ஆலுக்கு மகரந்தம் சேர்ப்பது அதற்கென்றே உள்ள ஒரு சிறு குளவி; அது பழத்தை விட்டு வெளியே வந்தபின் ஓரிரு நாள்தான் உயிர்வாழும். எல்லா ஆலமரங்களும் ஒரே சமயத்தில் காய்த்து ஓய்ந்துவிட்டால் குளவிக்குப் புகலிடம் இல்லாமல் போய்விடும். எங்கோ ஓர் ஆல் எப்போதும் காய்த்துக்கொண்டிருப்பதால் குளவியும் பிழைக்கிறது, பழந்தின்னும் பறவைகளும் பிழைக்கின்றன. ஒருமுறை மட்டும் வந்து பார்த்துப் போகிறவருக்கு இது புலப்படாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பெரியதாக நான் கருதுவது, அக்டோபர், நவம்பர் நடைகளை மழையைக் காரணம் காட்டிக் கைவிட்டதுதான். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. மரம் தன் தாகம் தீர்க்கும் மாதங்களை விட்டுவிட்டு மற்ற மாதங்களை மட்டும் காட்டினால், கதையின் நடுப்பகுதியைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுப்பதாகிவிடுகிறது. ஏழிலைப்பாலை பூக்கும் பருவம், மேகம் மூடினால் பகலிலேயே இலை குவிக்கும் தூங்குமூஞ்சி மரம், மரத்தடியில் முளைவிடும் விதைகள் ஆகிய எதையும் நாங்கள் பார்க்கவில்லை. கிளை முறிந்து விழும் அச்சம் இருப்பதாகக் குழுவினர் கூறினார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்தில் சாய்த்த மரங்களைப் பார்த்தவன் என்பதால் அந்த அச்சத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கலாம். ஒன்றரை மணி நேரத்தை அரைமணியாகச் சுருக்கியிருக்கலாம். ரத்தான இரண்டு நடைகளுக்கும் பணம் திருப்பித் தரப்படவில்லை என்பதும் சரியல்ல.

அடுத்தது, கையில் தரும் அச்சுத்தாள். ஆசிரியை வாய் நிறையத் தமிழில் பேசுகிறார். தாளிலோ ஆங்கிலப் பெயரும் தாவரவியல் பெயரும் மட்டுமே உள்ளன. புங்கம், மாவிலிங்கம், பூவரசு, மரமல்லி என்று நாவில் இருக்கும் பெயர்களை அச்சில் ஏற்ற ஒரு நாள் வேலைகூட ஆகாது. கூட்டமும் சற்று அதிகம்: முப்பது பேருக்கு மேல் வரும் நாட்களில் பின்னால் நிற்பவர்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. முன்கூட்டியே போய் முன்வரிசையில் நின்றுகொள்வது நல்லது. முதியவர்கள் உட்கார வழியில் ஒரே இடம்தான் உண்டு.

மார்கழி நடையில் மரமல்லிப் பூக்கள் நீண்ட வெண்ணிறக் காம்புகளோடு பனியில் நனைந்து தரையில் கிடந்தன. தாய்மார் இருவர் அவற்றை ஊசியில்லாமல், காம்பைக் காம்போடு பின்னியே சரமாக்கினார்கள். பாதாம் மரத்தில் முதல் சிவப்பு இலை அன்று தென்பட்டது. அடுத்த சுற்றுக்கும் நான் பணம் கட்டிவிட்டேன். படிவத்தின் கீழே, மழை மாதங்களை விட்டுவிட வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.