மிதிப்பலகையா, டேப்லெட்டா, மணல் பையா?

அம்மாவுக்கு 74 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் வெண்பட்டு நெய்தவர். மிதித்து மிதித்தே உரமேறிய கால்கள், அவருக்கென்ன என்று இருந்துவிட்டோம். போன ஐப்பசி மழையில் துவைக்கும் கல்லருகே வழுக்கி உட்கார்ந்தார். எலும்பு தப்பியது. ஆனால் ஒரு குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி நேர்கோட்டில் நிற்கச் சொன்னால், மூன்றாவது வினாடியில் சுவரைப் பிடிக்கிறார். 10 வினாடி தாங்காவிட்டால் விழும் அபாயம் அதிகம் என்பது மருத்துவர்களின் கணக்கு. உட்கார்ந்து மிதிக்கிற பழக்கம் நிற்பதற்கு உதவாது போலும்.

வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி என்று முடிவானதும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

தம்பி கொண்டுவந்தது, தொலைக்காட்சியோடு இணைக்கும் சமநிலைப் பலகை. 2007-இல் ஜப்பானில் வீடியோ விளையாட்டாக வந்த வகை. நான்கு மூலைகளிலும் உள்ள உணரிகள் உடல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளக்க, திரையில் பந்து அதற்கேற்ப உருளும். அம்மாவுக்குக் கொண்டாட்டம். "ஏன் கண்ணு, இது தறி மிதி மாதிரியே இருக்கிறதே!" என்றார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பலகை தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயரம். கண் திரையில் இருக்க, கால் பின்னால் தரையைத் தேடுகிறது. விழாமல் இருக்கப் பழகும் கருவியிலிருந்தே விழலாம். தவிர, இரு பாதங்களும் ஓரிடத்தில் ஊன்றி நிற்கும்போது அடி எடுத்து வைக்கும் பயிற்சி எங்கே கிடைக்கிறது? பேரப்பிள்ளைகள் விளையாடட்டும்.

டேப்லெட் (மாத்திரை அல்ல, தொடுதிரைக் கணினி) வழியை அப்படித் தள்ளிவிட முடியாது. சிட்னியில் 'ஸ்டாண்டிங்டால்' என்ற டேப்லெட் பயிற்சியை 70 வயதைத் தாண்டிய 503 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்தார்கள். வாரம் இரண்டு மணி நேரம் என்பது இலக்கு. முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. முதல் ஆண்டில் விழுவது குறிப்பிடும்படி குறையவில்லை. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சி செய்யாத குழுவைவிட விழுந்தது 16 சதவீதமும் காயத்தோடு விழுந்தது 20 சதவீதமும் குறைவு. ஆறு மாதத்தில் அலுத்துப்போய் அலமாரிக்குள் வைப்பவருக்கு எந்தக் கருவியும் வீண் என்றுதான் இதைப் படித்துக்கொள்கிறேன்.

அதன் பலம், நிலையைப் படிப்படியாகக் கடினமாக்குவதும் நாள் தவறாமல் நினைவூட்டுவதும். பலவீனம், திரையைக் குனிந்து பார்க்க வைப்பது. கழுத்து குனிந்தால் நிலை குலைகிறது. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றால் தரை மங்கலாகத் தெரிகிறது. டேப்லெட்டைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் கண் மட்டத்தில் சாய்த்து வைத்த பிறகே அம்மாவுக்குச் சரிப்பட்டது.

மூன்றாவது வழியில் மின்சாரமே இல்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பயிற்சி: வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், கணுக்காலில் எடை கட்டிக் காலைத் தூக்குவது, பின்னோக்கி நடப்பது, எட்டு வடிவில் நடப்பது. (நம் பூங்காக்களில் எட்டுப் போட்டு நடப்பவர்களுக்கு இது புதிதல்ல.) 65 முதல் 97 வயது வரையிலான 1,016 பேரைக் கொண்ட நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் விழுவது 35 சதவீதம் குறைந்திருக்கிறது. எண்ணிக்கையில் இதுவே முந்துகிறது. ஆட்களும் ஆய்வு முறையும் வேறு என்பதால் 16-ஐயும் 35-ஐயும் நேருக்கு நேர் நிறுத்துவது நியாயமல்ல. இதில் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து பார்த்து எடையைக் கூட்டுவார். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

விழுந்ததும் பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் கைக்கடிகாரத்தையும் ஒருவர் சிபாரிசு செய்தார். அது விழுந்த பிறகு வரும் உதவி. இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை.

என் தேர்வு ஒட்டாகோ. டேப்லெட் அதற்குக் கணக்குப்பிள்ளை. தறியில் மிஞ்சிய துணியில் அம்மாவே இரண்டு பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ மணல் நிரப்பினார். சேலத்துக் கொலுசுக்கு மேலே அதைக் கட்டினால் உறுத்துகிறது என்று கொலுசைக் கழற்றச் சொன்னேன். மறுத்துவிட்டார். இப்போது பை கொஞ்சம் மேலேறி உட்கார்கிறது. சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்தவர், நான்காம் மாதத்தில் ஒரு கைக்கு வந்திருக்கிறார். நேர்கோட்டில் நிற்பது ஏழு வினாடி.