நோயாளிகளுக்கான ஒருநாள் தியானம்: ஒரு மதிப்புரை

கடலூரில் உள்ள ஒரு கத்தோலிக்கத் தியான இல்லம், நீண்டகால நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கும் நடத்திய ஒருநாள் தியானத்தில், வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தாயாருடன் கலந்துகொண்டேன். சுவரொட்டிகளில் நாம் காணும் குணமளிக்கும் கூட்டங்களின் சாயல் இதில் துளியும் இல்லை. மேடையேறிச் சாட்சி சொல்லும்படி யாரையும் வற்புறுத்தவில்லை. சுகம் கிடைக்காதவருக்கு விசுவாசம் போதவில்லை என்ற குத்தல் பேச்சும் எழவில்லை. நோய் பாவத்தின் தண்டனையா என்று ஒருவர் கேட்டபோது, பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றி யோவான் 9ஆம் அதிகாரத்தில் இயேசு அளித்த பதிலை வாசித்துக் காட்டிய அருள்தந்தை, மருந்தை நிறுத்தச் சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்றும் எச்சரித்தார்.

முற்பகல் உரைதான் அந்த நாளின் சாரம். தம் உடலில் தைத்த முள் என்று தாம் குறிப்பிட்ட துன்பத்தை நீக்குமாறு திருத்தூதர் பவுல் மூன்று முறை இறைவனிடம் மன்றாடியும் அது நீங்கவில்லை, என் அருள் உனக்குப் போதும் என்ற பதிலே கிடைத்தது என்பது கோவிலுக்குப் போகிற எவரும் அறிந்த செய்தி. ஆனால் அருள்தந்தை அதற்குச் சற்று முன்னால், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் (கடிதத்தின்) 11ஆம் அதிகார முடிவில் வரும் கூடையைப் பற்றியே நெடுநேரம் பேசினார். தமஸ்கு நகரில் தம்மைப் பிடிக்கக் காவல் போடப்பட்டிருந்தபோது, மதில் சன்னல் வழியாக ஒரு கூடையில் வைத்து இறக்கப்பட்டுத் தப்பியதை, தம் வலுவின்மையைக் குறித்தே பெருமை பாராட்டுவேன் என்று சொன்ன கையோடு பவுல் எழுதுகிறார். கயிறு பிறர் கையில் இருக்க, கூடைக்குள் ஒடுங்கிக் கிடந்த அந்த மனிதரைப் பற்றிக் கேட்ட என் தாயார், "என்னையும் நீங்க இப்படித்தானேடா கார்ல இருந்து இறக்குறீங்க?" என்று என் காதருகே சொல்லிச் சிரித்தார். பிறர் தூக்கிவிடுவதை அவமானமாகவே கருதிவந்தவர் அவர்.

பிற்பகலில் நோயில்பூசுதல், அதாவது நோயுற்றோருக்கு எண்ணெய் பூசி மன்றாடும் திருச்சடங்கு, நடந்தது. சாகப்போகிறவர்களுக்கே இது என்ற அச்சம் பழைய தலைமுறையிடம் இன்னும் இருப்பதால், 1972இல் திருச்சபை சீர்திருத்திய சடங்குமுறையின்படி கடும் நோயுற்றோரும் பெரிய அறுவை சிகிச்சைக்குச் செல்வோரும் இதைப் பெறலாம் என்று முதலில் விளக்கினார்கள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசும்போது, டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த என் தாயாரின் இடக்கையை அழுத்தாமல் அடியிலிருந்து தாங்கிப் பிடித்த அந்தக் கவனத்தைப் பாராட்டியே ஆக வேண்டும்.

அதே கவனம் சமையலறையை எட்டவில்லை. சிறுநீரக நோயாளிகள் ஒதுக்க வேண்டிய உருளைக்கிழங்குப் பொரியலும் வாழைப்பழமும் எல்லார் இலையிலும் விழுந்தன. சிற்றாலயத்திற்குப் படிக்கட்டு மட்டுமே உண்டு. சாய்தளம் இல்லாத இடத்தில் நோயாளிகளுக்குத் தியானம் நடத்துவது எனக்கு விளங்கவில்லை. கவனித்துக்கொள்வோருக்கான அமர்வு தொடங்குவதற்குள் முடிந்தும்விட்டது. இரவில் உறக்கம் கெட்டு, நோயாளியிடம் எரிந்து விழுந்து, பிறகு மனம் நொந்துபோகிறவர்களின் வலுவின்மைக்கும் பவுலின் சொற்கள் பொருந்தும் அல்லவா?

கட்டணம் கிடையாது, விரும்பினால் காணிக்கை போடலாம். அற்புதத்தை எதிர்பார்த்துச் செல்வோருக்கு ஏமாற்றமே மிஞ்சும்; கேட்டும் கிடைக்காமல் சோர்ந்திருப்பவர்களைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள், மதிய உணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.