டிஃப்ரன்ஷியல் ஊளையிட்டால்: பிரித்துச் சரிசெய்வதா, முழுசாக மாற்றுவதா?

களக்காட்டிலிருந்து ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு ஓடும் லாரி என் மச்சானுடையது. ஆறு வீல், ஒன்பது வயது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அச்சு முங்க இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் இன்ஜின் ஆயில் மாற்றினோம், பிரேக் பார்த்தோம், பேட்டரி மாற்றினோம். பின்னச்சின் நடுவில் இருந்து இன்ஜின் சுழற்சியை இரண்டு பக்க வீலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலை யாரும் நினைக்கவில்லை. ஐந்தாறு மாதம் கழித்து, சேரன்மகாதேவி தாண்டி அம்பை ரோட்டில் 50-ஐத் தொட்டாலே பின்னாலிருந்து ஊளை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கும், மிதித்தால் திரும்ப வரும்.

பட்டறையில் மூன்று யோசனை வந்தது. மெக்கானிக், பிரித்துப் பார்த்து பேரிங் மாற்றலாம் என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் புரோக்கர் ஒருவர், கழித்துக்கட்டிய லாரியிலிருந்து எடுத்த பழைய செட்டு இருக்கிறது, சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம் என்றார். டிரைவர் தம்பியோ, "புதுசே போட்டுருங்க அண்ணாச்சி. புளியரை ஏத்தத்துல லோடோட நின்னா என்ன செய்ய?" என்றான். மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அதற்கு முன் ஒன்று. சத்தம் டிஃப்ரன்ஷியலில்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கியர் போட்டு நகரும்போது மட்டும் 'டக்' என்று அடித்தால் முதலில் கியர் பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் தண்டின் ஜாயிண்ட் கிராஸைப் பாருங்கள்; செலவு குறைவு. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் என்றால் பேரிங். அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம். திருப்பத்தில் மட்டும் கேட்டால் உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன் என்ற சின்னப் பல்சக்கரங்கள். மிதிக்கும்போது ஊளை, விட்டால் அமைதி என்றால் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் சேரும் இடத்தில்தான் கோளாறு. எங்கள் வண்டியில் இது கடைசி வகை.

ரிப்பேர் என்ற வழியில் பெரிய விஷயம் கிரவுன்-பினியன். இரண்டும் அம்மியும் குழவியும் மாதிரி ஜோடி. தொழிற்சாலையிலேயே ஒன்றோடு ஒன்றை ஓட்டி இழைத்து, இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்து அனுப்புகிறார்கள். பினியன் மட்டும் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் வாங்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய கிரவுனில் புது பினியன் ஓடினால் இரண்டும் சீக்கிரமே கெடும். ஆகவே ரிப்பேர் என்பது உண்மையில் இரண்டு விதம்: பல் நன்றாக இருந்தால் பேரிங், ஆயில் சீல், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு), வாஷர் மட்டும், பல் போயிருந்தால் கிரவுன்-பினியன் ஜோடியும் சேர்த்து. முதலாவது கைக்கு அடங்கும் செலவு. இரண்டாவதற்கு வந்துவிட்டால் புது அசெம்பிளியின், அதாவது முழு செட்டின், விலையையும் கேட்டு வைத்துக்கொண்டு கணக்குப் போடவேண்டும்.

எந்த விதம் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். பிரிப்பது பெரிய வேலையும் இல்லை. நம் லாரிகளில் வீலைக் கழற்றாமலே, அதைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டை உருவலாம். ஜாயிண்டை இறக்கி, நட்டுகளைக் கழற்றி, ஜாக்கியில் கேரியரை, அதாவது பல்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டை, இறக்கினால் பல் கண்ணெதிரே நிற்கும். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் குழியோ, ஓரம் உடைந்த பல்லோ இருந்தால் ஜோடி மாற்ற வேண்டும். ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து பேரிங் சுற்றியிருந்தால் ரிப்பேர் என்ற பேச்சையே விட்டுவிடலாம்.

மாட்டும்போது பினியன் பேரிங்கின் இறுக்கம், பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி, பல் எங்கே பொருந்துகிறது என்று நீல மை தடவிப் பார்க்கும் மார்க்கிங் மூன்றும் சரியாக வரவேண்டும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு. அதை அளக்கும் டயல் கேஜ் வைக்காமல் கையால் ஆட்டிப் பார்த்து "போதும்" என்று மூடுகிற பட்டறை என்றால், நான் ரிப்பேருக்கு விடவே மாட்டேன். நல்ல பாகம் வாங்கிக் கொடுத்தும் சில மாதத்தில் திரும்ப ஊளையிடுவது இந்த இடத்தில்தான்.

பழைய செட்டின் பலம் வேகம். நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை போகும், தவணை நிற்காது. ஆனால் அதை வாங்கும்போது கிரவுன் பல்லையும் பினியன் பல்லையும் எண்ணாமல் வாங்காதீர்கள். ஒரே மாடல் லாரியே வேறு வேறு விகிதத்தில் வருகிறது. 41-க்கு 7 இருந்த இடத்தில் 41-க்கு 6 மாட்டினால், 60-ல் போய்க்கொண்டிருந்த அதே இன்ஜின் சுற்றில் வண்டி 51-ல்தான் போகும். கியர் பாக்ஸிலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டர் அப்போதும் 60 என்றே காட்டும். ஆரியங்காவு ஏற்றத்தில் இழுவை நன்றாகத் தெரியும். நாலுவழிச் சாலையில் டீசல் கூடும். ஆறு வீலுக்கு இதோடு போகும்.

பத்து வீல் டிப்பரில் அப்படி இல்லை. பின்னால் இரண்டு அச்சும் இழுக்கும் வண்டியில் இரண்டு டிஃப்ரன்ஷியலும் ஒரே விகிதமாக இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டி, நடுவில் பங்கு பிரிக்கும் டிஃப்ரன்ஷியலை உடைத்துவிடும். பணகுடிப் பக்கம் குவாரியில் டிப்பர் ஓட்டும் என் சித்தப்பா மகனிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். குவாரி வண்டிக்குப் பழைய செட்டே வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளத்தில் வீல் சுழன்று திடீரென்று பிடிக்கும்போது விழும் அடியை, ஏற்கெனவே பாதி ஆயுள் போன பல் தாங்காது.

புது அசெம்பிளி பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஹவுசிங் போயிருந்தால், வண்டியை இன்னும் பல வருஷம் ஓட்டப்போகிறீர்கள் என்றால், அதுவே சரி. வாரண்டியும் கிடைக்கும். ஆனால் எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், ஒன்றிரண்டு வருஷத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பணம் திரும்பாது. வாங்க வருகிறவர் டயரைப் பார்ப்பார், பாடியைப் பார்ப்பார், டிஃப்ரன்ஷியலுக்குக் கூட்டிக் கொடுக்க மாட்டார்.

மச்சான் வண்டியைப் பிரித்தோம். வடிந்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. சூடாக இருந்த டிஃப்ரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சிவிடும், அதுதான் நடந்திருக்கிறது. பினியன் பேரிங் உருளைகளில் துருக்குழி. பேரிங் தளர்ந்து பினியன் நகர்ந்ததால் ஊளை. கிரவுன் பல்லில் நகம் தடுக்கவில்லை. அன்றைக்குப் பழைய செட்டை மாட்டியிருந்தால் தண்ணீரை உறிஞ்சிய அதே பிரீதரின் கீழேதான் அதுவும் ஓடியிருக்கும்.

பேரிங், சீல் எல்லாம் மாற்றி, நீல மை தடவி, மார்க்கிங் பல்லின் நடுவில் வரும்வரை இரண்டு முறை ஷிம் மாற்றினார் மெக்கானிக். ஜி.எல்.-5 கியர் ஆயில் ஊற்றி, பிரீதரில் ஒரு டியூப் மாட்டி சேஸிஸ் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினோம். மூன்று நாள் வண்டி நின்றது. முதல் 500 கிலோமீட்டர் பாதி லோடுதான் ஏற்றினோம். சத்தம் முழுதும் போகவில்லை. காலியாகப் போகும்போது 55-க்கு மேல் மெல்லிய இரைச்சல் இன்னும் இருக்கிறது. 1000 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கிப் பார்த்தோம். காந்தப் பிளக்கில் மாவு மாதிரி கருப்புப் பசை ஒட்டியிருந்தது. பல் உடைந்த சில்லு ஒன்றுகூட இல்லை.