அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கும் அச்சகம்: அப்பாவுக்குச் சரி, பெரியப்பாவுக்கு?

யாழ் நகரில் நினைவு மலர் அடிக்கும் அச்சகங்கள் பல. இது அதில் ஒன்றைப் பற்றியது. பெயர் போடவில்லை, இங்கே சொல்லும் குறைகள் மற்ற இடங்களிலும் உள்ளவைதான். பிள்ளைகள் இல்லாத பெரியப்பா ஒருவருக்குப் பெறாமக்களும் (சகோதரரின் பிள்ளைகள்) மருமக்களும் சேர்ந்து அடித்த மலர்: ஏ5 அளவு, 32 பக்கம், உள்ளே 100 ஜிஎஸ்எம் ஆர்ட் கடதாசி, அட்டை 300 ஜிஎஸ்எம், நடுவில் இரண்டு கம்பிப் பின்.

அச்சு சுத்தம், வெட்டும் நேர். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாளே கட்டுகள் வீட்டுக்கு வந்துவிட்டன. இந்த வேலைக்கு அதுதான் முதல் தகுதி. வீட்டுக்கிருத்தியம் முடிந்து, சனம் சாப்பிட்டு எழும்பிப் போன பிறகு வரும் மலரை யாரிடம் கொடுப்பது?

குறை அவர்களின் அச்சுப் படிவத்தில். விநாயகர் வணக்கம், பஞ்சபுராணம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள், நன்றி நவிலல் என்று எல்லாம் முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அது கச்சிதம். பெரியப்பாவோ மாமாவோ என்றால், அவரைக் கடைசிவரை பார்த்த பெறாமக்களும் மருமக்களும் 'உற்றார் உறவினர்' என்ற தலைப்பின் கீழ், மலரின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடுவார்கள். ஓடர் கொடுக்கும்போதே பக்க ஒழுங்கை நீங்களே எழுதிக் கொடுங்கள். கொடுத்தால் மறுப்பில்லாமல் மாற்றுகிறார்கள், கேட்காவிட்டால் மாற்றமாட்டார்கள்.

வம்சாவழிக்கும் அதே கதை. படிவத்தில் உள்ள மரம் கணவன் மனைவியில் தொடங்கிக் கீழே போகும். பெரியப்பாவுக்கு அவருடைய தாய் தகப்பனில் தொடங்க வேண்டும். அடுத்த வரியில் சகோதரங்கள் வயது ஒழுங்கில், அதில் அவரும் ஒருவர்; அதற்குக் கீழே ஒவ்வொருவரின் பிள்ளைகள். ஏ5 ஒரு பக்கத்தில் இது அடங்காது. 16ஆம் 17ஆம் பக்கங்களில் விரித்துப் போடச் சொல்லுங்கள். 32 பக்க மலரில் அந்த இரண்டு மட்டுமே பிரியாத ஒரே தாளில் பக்கத்துக்குப் பக்கம் வரும். வேறு இடத்தில் போட்டால் கோடுகள் மடிப்பில் விலகி நிற்கும். கம்பிப் பின் விழும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரு சென்ரிமீற்றரை வெறுமையாக விடவும். பக்கத் தொகை நான்கால் பிரிபட வேண்டும். 30 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் மிச்ச இரண்டை அவர்களே பூப் படத்தால் நிரப்பிவிடுவார்கள். அதைவிட, சிறு எழுத்தில் சிவபுராணத்தின் 95 அடியும் அங்கே அடங்கும்.

இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை விசேடமாகப் பாருங்கள். அச்சகம் வைத்திருக்கும் வெண்பாவில் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். 'கந்தசாமி' இருந்த இடம் கூவிளங்காய்ச் சீர். அங்கே 'சோமசுந்தரம்' வந்தால் கூவிளங்கனி. வெண்பாவில் கனிச்சீர் வராது. 'சோம சுந்தரம்' என்று பிரித்தாலும் தளை தட்டும், அடியையே புதிதாகக் கட்டவேண்டும். ஊரில் ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடிப்பது நல்லது. ஆண்டு, மாதம், பட்சம், திதியை அச்சகத்திடம் விடாதீர்கள். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் திதி முடியும் நேரம் வேறுபடும். உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லி, கிரியை செய்யும் ஐயரிடமே கேட்டு எழுதுங்கள். ஆட்டைத் திதிக்கு எல்லாரும் புரட்டிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

படங்கள். 1995 இடப்பெயர்வில் அல்பம் போன வீடுகளில் மிஞ்சுவது அடையாள அட்டைப் படம், இல்லாவிட்டால் கனடாவிலோ லண்டனிலோ யாரும் வைத்திருக்கும் கலியாணப் படம். 3.5 க்கு 4.5 சென்ரிமீற்றர் பாஸ்போட் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணினால் 7 க்கு 9 சென்ரிமீற்றர் வரை தெளிவாக அடிக்கலாம். முழு அட்டைக்கு 1748 க்கு 2480 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இந்த அச்சகம் படம் மங்கல் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, புறூஃபில்தான் தெரிந்தது.

எழுத்து விடயத்தில் கவனம். வெளிநாட்டிலிருந்து யூனிகோட்டில் வருவதை இவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். பாமினியில் அரவும் (ா) ரகரமும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று, விசை வேறு. அரவுக்கு மேல் குற்று வைத்து 'ர்' அடிக்கும் பழக்கம் தட்டச்சாளர்களிடம் உண்டு. தாளில் தெரியாது, திரும்ப யூனிகோட்டுக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு 'அவர்' உம் உடைந்திருக்கலாம். இறுதி பிடிஎஃபையும் மூலக் கோப்பையும் தருவதாக முற்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். நூலகம் என்ற இணையத் தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்; அங்கே கொடுக்கவும் பிடிஎஃப் உதவும்.

புறூஃப் இரண்டு தரம் தருகிறார்கள். முதலாவதில் பெயர்களை மட்டும் பாருங்கள்: முதலெழுத்து, 'காலஞ்சென்ற' விடுபட்ட இடம், அடைப்புக்குள் நாடு. மூத்த மருமகனின் முதலெழுத்து பிழைத்தால் அடுத்த கலியாண வீடுவரை கதை போகும். வசனப் பிழை இரண்டாவதில். எழுத்தெல்லாம் 18ஆம் நாளுக்குள் அச்சகத்தில் இருந்தால் இரண்டு புறூஃபுக்கும் அவகாசம் கிடைக்கும். தாமதிப்பது எப்போதும் வெளிநாட்டு இரங்கலுரைகள்தான். அவற்றுக்கு 15ஆம் நாள் என்று சொல்லி வையுங்கள்.

ஓஃப்செற்றில் அச்சுத் தட்டுச் செலவு 100 பிரதிக்கும் 500க்கும் ஒன்றே. 100க்குள் என்றால் டிஜிற்றலில் விலை கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு அடிப்பவர்கள் யோசிக்காமல் இங்கே கொடுக்கலாம். பெரியப்பா, மாமா என்றால் பக்க ஒழுங்கும் மரமும் கையில் இல்லாமல் போகவேண்டாம்.