அயர்ன் மெய்டன்: ‘பெஸ்ட் ஆஃப் தி பீஸ்ட்’ வாங்கலாமா, ‘சம்வேர் பேக் இன் டைம்’ வாங்கலாமா?

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனின் இந்த இரண்டு தொகுப்பு ஆல்பங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் குரல். 1996-இல் வந்த ‘பெஸ்ட் ஆஃப் தி பீஸ்ட்’ தொகுப்பில் ஆரம்பகாலப் பாடகர் பால் டிஆனோ, அவருக்குப் பின் வந்த புரூஸ் டிக்கின்சன், பிளேஸ் பெய்லி மூவரும் பாடுகிறார்கள். 2008-இல் வந்த மற்றதில் டிக்கின்சன் மட்டுமே. டிஆனோ காலப் பாடல்களுக்கு அதில் 1985-இன் ‘லைவ் ஆஃப்டர் டெத்’ மேடைப் பதிவுகளைப் போட்டுவிட்டார்கள். ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள்: டிஆனோவிடம் கரகரப்பு, டிக்கின்சனிடம் உச்சஸ்தாயி. டிஆனோ பாடிய முதல் ஆல்பத்தின் முரட்டுத்தனம் பிடித்தவர்களுக்கு இந்த மாற்று ஒருபோதும் ஈடாகாது.

பழையதை வாங்கினால் இரட்டை சிடியாகப் பார்த்து வாங்குங்கள், 27 பாடல்கள். ஒற்றை சிடியில் 16தான். இரட்டையில் வரிசை தலைகீழ்: அப்போது புதிதாக வந்த ‘வைரஸ்’ முதலில், ஆரம்பகாலப் பதிவுகள் கடைசியில். புதிதாகக் கேட்பவருக்கு இது குழப்பும்.

அவர்களுக்கு 2008 தொகுப்பே நல்லது. ஒரே சிடி, 15 டிராக், எல்லாம் எண்பதுகளின் சரக்கு. ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ (1992) மட்டும் கிடைக்காது. இன்னொன்று, ‘ஏசஸ் ஹை’ பாடலுக்கு முன்னுரையாக வரும் சர்ச்சில் உரையும் அந்தப் பாடலும் தனித்தனி டிராக். ஷஃபிளில் போட்டால் உரை முடிந்ததும் வேறு பாட்டுக்குத் தாவிவிடும். இதை வரிசையாகத்தான் கேட்க வேண்டும்.