காங்கிரஸா, கோர்ட்டா?

அமெரிக்கக் குடியேற்றக் கொள்கையை மாற்ற நினைக்கும் அமைப்புகளுக்கு வரும் முதல் குழப்பம்: காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) லாபியிங் (சட்டம் இயற்றுபவர்களை வற்புறுத்துவது) செய்வதா, வழக்குப் போடுவதா?

செலவு: வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு லாபியிங் செலவுக்கு வரம்பு வைக்கும் 501(எச்) என்ற வரிச் சட்டப் பிரிவின் முறையைத் தேர்ந்தெடுத்தால், ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம்தான் லாபியிங்குக்கு. எவ்வளவு பெரிய அமைப்பானாலும் உச்சவரம்பு 10 லட்சம் டாலர். வழக்குச் செலவு இந்தக் கணக்கில் வராது.

வேகம்: இடைக்காலத் தடை சில நாளிலேயே கிடைக்கலாம். மசோதாவுக்கோ செனட்டில் 60 வாக்கு வேண்டும். 2010 டிசம்பரில், சிறுவயதில் அழைத்துவரப்பட்ட ஆவணமற்றவர்களுக்குச் சட்டபூர்வ அந்தஸ்து தரும் ட்ரீம் மசோதா 55 வாங்கியும் விழுந்தது. தடுப்பதற்கென்றால் லாபியிங் மலிவு. 2007 குடியேற்றச் சீர்திருத்த மசோதாவுக்கு எதிராக, குடியேற்றத்தைக் குறைக்கக் கோரும் நம்பர்ஸ்யுஎஸ்ஏ அமைப்பின் ஆதரவாளர்கள் ஃபேக்ஸும் போனுமாகக் குவித்தார்கள். வாக்கெடுப்பு நாளில் செனட் டெலிபோன் எக்ஸ்சேஞ்சே திணறியது, முடிவு: ஆதரவு 46, எதிர்ப்பு 53.

ஆயுள்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிறுவயதில் அழைத்துவரப்பட்டவர்களை நாடுகடத்தாமல் தற்காலிகமாகக் காக்கும் டாகா திட்டத்தை டிரம்ப் அரசு ரத்து செய்ததை 2020-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என நிராகரித்தது. ஆனால் ரத்து செய்த விதம்தான் தவறு என்றது. காரணங்களை ஒழுங்காக எழுதி மறுபடி ரத்து செய்ய வழி திறந்தே இருந்தது.

ஒரு நிர்வாக உத்தரவை உடனே நிறுத்த வழக்கு. கிரீன் கார்டுக்குப் புதிய பாதை வேண்டுமென்றால் காங்கிரஸை விட்டால் வேறு இடமில்லை.